ஹன்னாவுக்கு நாம் வைத்த பெயர்

மகனே, போனில் பேசிப் பார்த்துவிட்டேன். "பிறகு கதைப்பம் அம்மா, மீற்றிங்" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் படித்துவிட்டாய் என்பதற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது. அதனால் காகிதத்தை எடுத்திருக்கிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதை ஒளிவில்லாமல் எழுதுகிறேன். கலியாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் இந்த லண்டனில் எத்தனையோ இருக்கின்றன. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது அந்த மேசைகளிலும் நடக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பாத்திரம் கழுவும்போதும், மருந்துக்கடையில் மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் போடும்போதும், ஹன்னா கலியாண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம்தான் முன்னால் வருகிறது.

ஹன்னாவைப் பற்றி நீ முதன்முதலில் சொன்ன குளிர்காலத்தை நினைத்துப் பார். யூதப் பிள்ளை என்றதும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். எனக்கோ வேறு விதமான தவிப்பு. ஒன்றைப் பற்றித் தெரியாது என்றால் அதைப் படித்துவிட வேண்டும், அதுதான் என் குணம். அவளுடைய தகப்பன் டேவிட், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஃபிஞ்ச்லியில் தங்கள் தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் புதன்கிழமைக் காலைகளில் எபிரேய வேதத்தை வாசிக்க வகுப்பு நடத்துகிறார், யாரும் வரலாம் என்று நீதான் பேச்சுவாக்கில் சொன்னாய். நான் புதன்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு, டூட்டிங் பிராட்வேயில் ரயில் ஏறிவிட்டேன். புதுப் பென்சில் பெட்டி, புது அழிறப்பர், மார்ஜின் கோடு போட்ட கொப்பி. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு உனக்குத் தெரியுமே. "என்ன, இந்த வருசம் ஏ லெவல் எழுதப்போறீரோ? சோத்துப் பெட்டி கட்டித் தரட்டோ?" என்றார். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடப் பெண்ணாகிவிட்டேன். கேள்வி கேட்டால் கை தானாக மேலே போகிறது, என்ன செய்வது?

அங்கே நான் கண்டதை உனக்குச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டு. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணும்கூட. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. ஒரே தொகை வரும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றுக்குள் என்ன பேச்சு என்று அவர்கள் கேட்கிறார்கள். அன்பு என்ற சொல்லைக் கூட்டினால் பதின்மூன்று வருகிறது. ஒன்று என்ற சொல்லும் பதின்மூன்று. இரண்டையும் சேர்த்தால் இருபத்தாறு. அது கடவுளுடைய பெயரின் தொகை. இதை டேவிட் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு நாள், குலத்தலைவர் ஒருவர் முந்நூற்றுப் பதினெட்டு ஆட்களோடு சண்டைக்குப் போன கதையை வாசித்தோம். அவருடைய ஒரே ஒரு வேலையாளின் பெயரைக் கூட்டினாலும் அதே முந்நூற்றுப் பதினெட்டுத்தான். அப்படியானால் போனது பெரும் படையா, அல்லது விசுவாசமான ஒரே ஒருவனா என்று பழைய உரைகாரர் ஒருவர் கேட்டாராம். வகுப்பில் இருந்த கிழவர்கள் அதற்காகத் தேநீர் ஆறும்வரை சண்டை போட்டார்கள். பதினைந்து என்று எழுதப் பத்தையும் ஐந்தையும் சேர்க்கமாட்டார்கள், ஒன்பதையும் ஆறையும்தான் சேர்ப்பார்கள். பத்தும் ஐந்தும் சேர்ந்தால் கடவுளின் பெயரில் ஒரு பகுதி ஆகிவிடும், அதை வெறும் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாதாம். எண் எழுதும்போதுகூட இவ்வளவு மரியாதையா என்று நான் வாயைப் பிளந்தேன். நம்முடைய பழைய எண்களிலும் ககரம் ஒன்று, உகரம் இரண்டு என்று சொன்னேன். டேவிட் சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துப் பலகையில் எழுதவைத்துவிட்டார்.

ஆனால் அவர் ஒரு விஷயத்தை முதல் வகுப்பிலேயே சொன்னார். நான் அதைக் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டேன். "இது சாப்பாடு முடிந்தபிறகு வரும் இனிப்பு. இதை வைத்துச் சட்டம் சொல்லமாட்டோம். ஒன்றைச் செய், ஒன்றைச் செய்யாதே என்று இதிலிருந்து முடிவெடுக்கமாட்டோம். நாங்கள் கூட்டிப் பார்ப்பது வசனத்தை, மனிதரை அல்ல. ஒரு கூட்டல் சரிவரவில்லை என்றால் மனம் உடைவதில்லை, இன்னொரு வாசிப்பைத் தேடுவோம்." வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு அன்பும் ஒன்றும் பதின்மூன்று என்பதைச் சொன்னேன். முந்நூற்றுப் பதினெட்டைச் சொன்னேன். இந்தப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. ஏனென்று கேட்கிறாயா? அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தீரோ! யூதச் சனமும் எண்சாத்திரம் பாக்குது! அதுதான் இவ்வளவு கெட்டிக்காரர்!" என்று கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க மூடியிருந்த கதவு திறந்தது. நான் அதை மறுபடி சாத்த விரும்பவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் கலியாணம் நடந்தால் போதும் என்று அரை உண்மையோடு நின்றுவிட்டேன். நீயும் ஒருநாள் இப்படி ஒரு சமாதானத்துக்காக அரைகுறையாகப் பேச ஆசைப்படுவாய். அப்போது என்னை நினைத்துக்கொள்.

அப்பாவின் எண்சாத்திரம் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் இலக்க வீடு என்பதற்காக, பூந்தோட்டத்தோடு நல்ல விலைக்கு வந்த வீட்டை வேண்டாம் என்றவர். கவுன்சில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும் நாளைக்கூட சட்டனில் இருக்கும் எண்சாத்திரக்காரரிடம் கேட்டுத்தான் முடிவெடுத்தார். ஹன்னாவின் பெயரை ஆங்கில எழுத்தில் கூட்டி இருபத்திரண்டு என்று அந்த மனிதர் சொன்ன நாளில் அப்பாவுக்கு நித்திரை இல்லை. இருபத்திரண்டு கூடாதாம், வீட்டுக்குக் கலக்கமாம். அதற்குப் பிறகு நீயும் அப்பாவும் காருக்குள் ஏதோ பேசினீர்கள். எனக்குச் சொல்லவில்லை. அப்பா மறுநாள் உற்சாகமாக இருந்தார். நான் கேட்டதற்கு, "தம்பி எல்லாத்துக்கும் ஓம் எண்டிட்டான், நீர் பேசாமல் இரும்" என்றார். எதற்கு ஓம் என்றாய் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு எவ்வளவு நன்றாகத் தொடங்கியது! டேவிட்டும் ஹன்னாவும் மரக்கறிதான் சாப்பிடுவார்கள் என்று கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், அப்பளம் என்று காலையிலிருந்து அடுப்படியில் நின்றேன். ஹன்னா வந்ததும் வராததுமாகக் குசினிக்குள் வந்து "மாமி, நான் தேங்காய் துருவவா?" என்று கேட்டாள், நீ சொல்லிக் கொடுத்த தமிழில். துருவலில் பாதி அவளுடைய வாய்க்குள்தான் போனது. மேசையில் இரண்டு தகப்பன்மாரும் ஒட்டிக்கொண்டார்கள். அப்பா தன் சந்தேகத்தை மெல்ல எடுத்தார். "மிஸ்டர் டேவிட், உங்கட மகளின்ரை பேர் இருபத்திரண்டு வருது. கொஞ்சம் யோசிக்க வேணும்." டேவிட் கரண்டியை மேலே தூக்கிவிட்டார். "இருபத்திரண்டா! எங்கள் எழுத்துகள் மொத்தமே இருபத்திரண்டு. உலகத்தை உண்டாக்கிய எழுத்துகள் அவ்வளவும் என் மகளுக்குள் இருக்கின்றன என்கிறீர்கள். இந்தக் கலியாணத்துக்கு இதைவிட நல்ல பேச்சு எனக்குக் கிடைக்காது!" எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அவர் கேள்வி கேட்டார், அவருக்கு விடை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவரோ, தன்னுடைய விடையைப் பெட்டியில் தயாராக வைத்திருந்தார்.

அந்தப் பெட்டியை அவர் கொண்டுவந்து ஹன்னாவின் முன்னால் வைத்துத் திறந்தது உனக்கும் நினைவிருக்கும். டூட்டிங்கில் அச்சடித்த அட்டைகள், சிவப்பும் பொன்னும், தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். ஹன்னா ஒன்றை எடுத்து ஆசையாகத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். டேவிட்டின் மகள் தாரணி. அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "மாமா, அச்சகத்தில் வேறொரு கலியாண அட்டையோடு மாறிவிட்டது போலிருக்கிறது. பாவம், இந்தத் தாரணி இப்போது தன் அட்டையைத் தேடிக்கொண்டிருப்பாள்." அப்பா பெருமையோடு சொன்னார்: "இல்லைப் பிள்ளை, அது நீர்தான். நல்ல பேர், நல்ல எண். நான் விசாரிச்சுத்தான் வைச்சனான். தாலி கட்டேக்கையும் ஐயர் இந்தப் பேரைத்தான் சொல்லுவார்."

சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போனதை நான் பார்த்தேன். ஒரு மனிதமுகம் அவ்வளவு வேகமாக வெளிறும் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "அட்டைக்கு மட்டும்தான். அப்பாவின் சந்தோஷத்துக்காக. நமக்குத்தான் இதில் நம்பிக்கை இல்லையே" என்றாய். அவள் அட்டையை மறுபடி பெட்டிக்குள், விளிம்பு மடங்காமல் வைத்துவிட்டு எழுந்து தன் கோட்டைத் தேடினாள். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கு அது பெரிய தவறாகப் படவே இல்லை. இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு கோபப்படுகிறது என்றுதான் தோன்றியது. என் கலியாணத்தில் எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். உன் அப்பா வீட்டார் எண் பார்த்து எனக்கு வைத்த பெயரைத்தான் முப்பது வருடமாக எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நீயும் பள்ளிக்கூடப் படிவங்களில் தாயின் பெயர் என்று அதைத்தான் எழுதினாய். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்படவில்லை என்பதே எனக்குத் தோன்றியதில்லை. என்னைத் திகைக்க வைப்பது இதுதான், மகனே. எனக்கு நடந்தது என்பதாலேயே அவளுக்கும் நடக்கலாம் என்று என் மனம் சொல்லிவிட்டது.

நீ அவள் பின்னால் வெளியே ஓடினாய். அதனால் டேவிட் அதன்பிறகு சொன்னதை நீ கேட்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். அவர் கத்தவில்லை. துடைக்கும் கடதாசியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு சொன்னார். அவர்களிடத்திலும் பெயர் மாற்றும் வழக்கம் இருக்கிறதாம். ஒரே ஒரு நேரத்தில். ஒருவர் சாகக் கிடக்கும்போது, வைத்தியர்கள் கையை விரித்த பிறகு, தொழுகைக்கூடத்தில் கூடி நின்று பிரார்த்தித்து நோயாளிக்குப் புதுப்பெயர் ஒன்றைச் சேர்ப்பார்கள். பழைய பெயருக்கு எழுதப்பட்ட தீர்ப்பு புதுப்பெயர்க்காரரைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போகட்டும் என்று. "என் மனைவிக்கு அப்படி ஒரு பெயர் வைத்தோம். உயிர் என்று பொருள். ஹன்னாவுக்கு அப்போது பதினான்கு வயது. கட்டிலருகில் நின்று அந்தப் புதுப்பெயரால் தாயைக் கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தாள். பழகி முடியும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஹன்னா என்பது என் பெரிய அத்தையின் பெயர். செத்துப்போனவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து அவரை வாழவைப்பது எங்கள் வழக்கம். உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் உங்கள் மகனுக்குத் தெரியும். ஹன்னா அவனிடம் சொல்லியிருக்கிறாள்." இதைச் சொல்லிவிட்டு என் சமையலுக்கு நன்றி சொன்னார். அந்த நிலையிலும் நன்றி சொன்னார். தட்டைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் மகனுக்குத் தெரியும். இந்தச் சொல்தான் என்னை அடித்துப் போட்டது. இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், கவனமாகப் படி. நீ தெருவில் இருந்து தனியே திரும்பி வந்தபோது அவர் சாப்பிட்ட கை காய்ந்தபடி, அதே கதிரையில் இருந்தார். "நான் அந்தப் பிள்ளைக்குச் சாவுப் பேர் வைச்சிட்டன்" என்றார். "கலியாண அட்டையில சாவை அடிச்சுக் குடுத்திட்டன்." நீ என்ன சொன்னாய்? "அப்பா, ஓவரா யோசிக்காதேங்கோ. வெறும் பேர்தானே. அவ ரெண்டு நாளில சரியாயிடுவா." அந்த இடத்தில்தான் எனக்கு இரண்டாம் முறை தூக்கிவாரிப் போட்டது. எண்சாத்திரத்தை நம்பி எங்களை எல்லாம் படாதபாடு படுத்தியவருக்கு அவளுடைய வலி ஒரு நொடியில் விளங்கியது, ஏனென்றால் ஒரு பெயரால் ஒருவருக்கு நன்மையும் தீமையும் வரும் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார். எதையும் நம்பாத நீ, படித்த நீ, யாருடைய நம்பிக்கையும் உனக்கு ஒன்றுமில்லை என்பதால், ஒருவரின் பெயரை எடுத்து இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டாய். அப்பாவின் நம்பிக்கைக்கும் நீ மரியாதை செய்யவில்லை. அவரைச் சும்மா வைத்திருக்க ஒரு மிட்டாய் கொடுத்தாய். அவளுக்கு அதையும் கொடுக்கவில்லை.

பெயர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாமலும் இல்லை. ஆரம்பப் பள்ளியில் ஓர் ஆசிரியை உன் பெயர் வாயில் வரவில்லை என்று உன்னை சாம் ஆக்கினார். இடாப்பில் வரவு போடப் பெயர் கூப்பிடும்போது சாம், சாம் என்று அவர் கூப்பிட, நீ வாயைத் திறக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வரவில்லை என்று போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போன் எடுத்து உங்கள் மகன் எங்கே என்று கேட்டது. நான் வேலையை விட்டு ஓடிவந்தேன். நீ கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு, "அவ என்னைக் கூப்பிடேல்லை அம்மா" என்றாய். அந்த ஆசிரியை கெட்டவர் அல்ல. அவருக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். உனக்கும் அன்று காருக்குள் ஓம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. சண்டை இல்லாமல் போவதற்காகச் சொல்லும் ஓமை எங்கள் ஆம்பிளைகள் நல்ல குணம் என்று நினைக்கிறார்கள். அது நல்ல குணம் இல்லை. அதற்கான செலவை எப்போதும் அந்த இடத்தில் இல்லாத யாரோ ஒருவர்தான் கட்டுகிறார். கலியாணத்துக்கு முன் உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி இது ஒன்றுதான்.

அந்தப் புதன்கிழமை நான் வகுப்புக்குப் போக அஞ்சி நின்றேன். அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாறன்" என்றார். வடக்கு நோக்கிப் போகும் அந்த நீண்ட ரயிலில் பாதி வழி போன பிறகு, "எனக்கு இருபத்திரண்டு எண்டால் இன்னும் பயம்தான். பொய் சொல்ல ஏலாது. ஆனா அந்தப் பயம் என்ரை. அவவின்ரை இல்லை" என்றார். அட்டைகளை மறுபடி அச்சடிக்கச் சொல்லிவிட்டதை அப்போதுதான் எனக்குச் சொன்னார். அச்சகக்காரர், "என்ன அண்ணை, பொம்பிளையை மாத்திட்டீங்களோ?" என்று கேட்டாராம். "இல்லை, பொம்பிளையைத் திருப்பிக் கூப்பிடுறம்" என்றாராம் இவர்.

அன்று வகுப்பு நடக்கவில்லை. டேவிட்டுக்கு உடம்பு சரியில்லை என்று மண்டபக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் அவர்களுடைய வீட்டுக்கே போனோம். ஹன்னாதான் கதவைத் திறந்தாள். மண்டப வாசலில் நின்றே, வருகிறோம் என்று நான் செய்தி அனுப்பியிருந்தேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த மிக மெதுவான ஆங்கிலத்தில், "ஹன்னா, நான் உங்களைக் கேட்காமல் செய்தது பிழை. உங்கள் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அவர் ஹன்னா என்று அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் பிள்ளை என்பார், அல்லது அந்தப் பிள்ளை என்பார். அவள் அவர் கையில் இருந்த குடையை வாங்கி உள்ளே வைத்தாள். டேவிட் போர்வையோடு வந்து உட்கார்ந்து, "வாருங்கள், இன்று வகுப்பு இல்லை, அதனால் இனிப்பு மட்டும்" என்று கேக்கை வெட்டினார். மன்னித்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. இருக்க இடம் கொடுத்தார்கள்.

கலியாணம் நடக்குமா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஹன்னாவும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. ஆனால் நாங்கள் கோட்டைக் கழற்றும்போது அவள் கதவை உடனே சாத்தவில்லை. குளிர்காற்று உள்ளே வர வர, எங்களுக்குப் பின்னால் தெருவை ஒருதரம் பார்த்தாள். மேசையில் கோப்பைகள் ஐந்து வைத்திருந்தாள். நாங்கள் நாலு பேர்தான் குடித்தோம். எழுந்து விடைபெறும்வரைக்கும் அந்த ஐந்தாவதை அவள் எடுத்து உள்ளே வைக்கவில்லை. போ, மகனே. போன் பண்ணாதே. போய் அந்தக் கதவைத் தட்டி, அவள் திறந்ததும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.